கார்னேஷன் பல வருடச் செடி என்கிறார்கள், என்னுடையது இரண்டாவது மழையைத் தாண்டவில்லையே?

தேயிலைமேட்டு வீடு (கோத்தகிரி), நவம்பர் 14

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தவள், இன்று ஒரு புலம்பலோடு வந்திருக்கிறேன்.

போன வருடம் ஜனவரியில் பக்கத்து பாலிஹவுஸில் (பாலித்தீன் கூரை போட்ட பூப்பண்ணை) பழைய கார்னேஷன் செடிகளைப் பிடுங்கி வெளியே குவித்திருந்தார்கள். கேட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பச்சையாக இருந்தவற்றில் 22 செடி பொறுக்கி வந்து வாசல் பாத்தியில் நட்டேன். அந்தக் கோடையில் பூத்தது பாருங்கள், ரோஜா நட்டவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த ஐப்பசி மழையில் 5 செடி போயிற்று. இந்த வருடம் பூ சிறுத்துவிட்டது, தண்டு கட்டை மாதிரி நீண்டு அடியில் இலையே இல்லை. இப்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டதில் மிச்சம் 9. அதிலும் சில மஞ்சளடிக்கின்றன.

குறை ஒன்றும் வைக்கவில்லை. மாதம் ஒரு முறை தொழு உரம், வேரைச் சுற்றி தென்னை நார்க்கழிவு கனமாகப் போட்டிருக்கிறேன், மழை இல்லாத நாளில் சாயங்காலம் தவறாமல் தண்ணீர். பல வருடச் செடி என்றால் எத்தனை வருடம்? நான் செய்த தப்பு என்ன?

மொட்டைமாடி மோகன் (சென்னை), நவம்பர் 14

இரண்டு வருடம் இருந்ததா? மேடம், வேளச்சேரியில் என் மாடிக்கு வந்தால் ஏப்ரலில் அதற்குக் காரியம் செய்துவிடலாம். மூன்று வருடம் முயன்று பார்த்தேன். வெயில் 35ஐத் தொட்டதும் மொட்டு விரியாமலே காய்ந்துவிடும். இப்போதெல்லாம் டிசம்பரில் நர்சரியில் பூவோடு வாங்கி, பொங்கல் வரை வாசலில் வைத்து, மார்ச்சில் கும்பிடு போட்டு அனுப்பிவிடுகிறேன். பதில் தெரிந்தவர்கள் வருவார்கள், நான் வேடிக்கை பார்க்கிறேன்.

பாலிஹவுஸ்காரன் (ஊட்டி), நவம்பர் 15

அக்கா, மருந்து சொல்வதற்கு முன்னால் இரண்டு வேலை செய்யுங்கள்.

முதலாவது, செத்த செடி ஒன்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். மண்மட்டத்தில் கழுத்து பொத்தென்று ஒடிந்து கையோடு வருகிறதா, இல்லை வேரோடு வருகிறதா? இரண்டாவது, மஞ்சளடிக்கும் செடியில் அடித்தண்டை பிளேடால் சாய்வாகச் சீவுங்கள். உள்ளே வெள்ளையாக இருக்கிறதா, பழுப்புக் கோடு ஓடுகிறதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். மஞ்சள் செடி முழுவதும் இருக்கிறதா, ஒரு பக்கத்தில் மட்டுமா?

தேயிலைமேட்டு வீடு, நவம்பர் 16

தம்பி, சொன்னபடி பார்த்தேன். செத்தவற்றில் இன்னும் பாத்தியில் நின்றவை ஆறு. நான்கு கழுத்திலேயே ஒடிந்தன, அந்த இடம் ஈரமாக நாராகக் கிடந்தது. மற்ற இரண்டும் வேரோடு வந்தன. அவற்றைச் சீவினால் உள்ளே காப்பித்தூள் நிறத்தில் கோடு. உயிரோடு இருப்பவற்றில் இரண்டு ஒரு பக்கம் மட்டும் வாடியிருக்கின்றன. அவற்றிலும் அதே கோடு. மீதி 7 உள்ளே வெள்ளை.

பாலிஹவுஸ்காரன், நவம்பர் 16

அப்படியென்றால் உங்கள் பாத்தியில் இரண்டு எமன்.

கழுத்தில் ஒடிந்தவை கழுத்தழுகல். இதற்குக் காரணம் நீங்கள் காட்டிய பாசம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். நார்க்கழிவு கடற்பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஐப்பசி மழையில் அதைக் கழுத்தைச் சுற்றிப் போட்டால் செடிக்கு ஈரத்துணி சுற்றிய மாதிரி. ரோஜாவுக்கும் தக்காளிக்கும் மூடாக்கு சரி. கார்னேஷனுக்குக் கழுத்து காற்றாட வேண்டும். அப்புறம், எத்தனை ஆழத்தில் நட்டீர்கள்? நாங்கள் நாற்றின் வேர்க்கட்டி பாதி மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரிதான் நடுவோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் ஆழமாகப் புதைத்துத் திட்டு வாங்குவார்கள். நட்ட வாரத்தில் செடி கொஞ்சம் ஆடும், ஆடட்டும்.

பழுப்புக் கோடு ஓடியவை ஃபுசேரியம் வாடல். தண்ணீர் போகும் குழாயையே பூஞ்சை அடைத்துவிடும், அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் முதலில் வாடுகிறது. இதற்கு வைத்தியம் கிடையாது. அந்த மண்ணில் பூஞ்சை பல வருடம் உட்கார்ந்திருக்கும். கோடு கண்ட செடியை வேரோடும் சுற்றிய மண்ணோடும் எடுத்து எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் இனி கார்னேஷனோ அதன் இனமான டயாந்தஸில் வேறு வகை எதுவுமோ வேண்டாம். வெங்காயமோ கேரட்டோ போடுங்கள், அவற்றை அது சீண்டாது.

வாடல் எங்கிருந்து வந்திருக்கும் என்கிறீர்கள்? பாலிஹவுஸில் ஒரு நடவை இரண்டு வருடம் ஓட்டுவோம். அதற்குமேல் பூ சிறுக்கும், தரம் போய்விடும், பிடுங்கிவிடுவோம். சில சமயம் வாடல் பரவியதாலேயே முன்கூட்டிப் பிடுங்குவதும் உண்டு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கார்னேஷன் மட்டும் விதிவிலக்கு, பல்லைப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. பல வருடச் செடிதான். ஆனால் மாமரம் மாதிரி நட்டுவிட்டு மறக்க முடியாது. ஒரு செடி நன்றாகப் பூப்பது இரண்டு வருடம், போனால் மூன்று. அதற்குள் அதிலிருந்து தண்டு எடுத்து இளம் செடி உண்டாக்கிவிட வேண்டும். செடிக்கு வயதாகும், வம்சம் ஓடிக்கொண்டே இருக்கும்.

உள்ளே வெள்ளையாக இருக்கும் அந்த 7 செடியில் இருந்து தண்டு எடுங்கள். பூத்த தண்டு வேண்டாம், மொட்டு வைக்காத பக்கக் கிளையின் நுனி. நான்கைந்து ஜோடி இலையோடு ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம், 10 முதல் 15 சென்டிமீட்டர். அடி இலை ஒரு ஜோடியை உருவிவிட்டுக் கணுவுக்குக் கீழே வெட்டி, கழுவிய ஆற்று மணலில் சொருகுங்கள். வேர்விடும் பொடி இருந்தால் தொடுங்கள், இல்லாவிட்டாலும் வரும். மூன்று, நான்கு வாரம். இலை நுனியைக் கிள்ளாதீர்கள், நிழலில் வையுங்கள், மணல் ஈரமாக இருந்தால் போதும். எடுக்கும் ஒவ்வொரு தண்டின் வெட்டுவாயையும் பாருங்கள், லேசாகப் பழுப்புத் தெரிந்தாலும் தூக்கி எறியுங்கள். வெள்ளையாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதனால் முதல் வருடம் தொட்டியில் தனித்தனியாக வைப்பது நல்லது.

இயற்கைவழி (ஏற்காடு), நவம்பர் 17

எல்லாம் சரி, மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்தச் செடிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தேயிலை விளைகிற மண்ணில் அது கிடையாது. முட்டை ஓட்டை நொறுக்கி வேரில் போடுங்கள், காசு செலவில்லை. நான் எல்லாச் செடிக்கும் அதுதான் போடுகிறேன்.

பாலிஹவுஸ்காரன், நவம்பர் 17

மண்ணைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு, நான் மறந்துவிட்டேன். தேயிலைக்கு மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும், எண் குறைந்தால் புளிப்பு அதிகம். கார்னேஷனுக்கு 6க்கு மேலே, 6.5 இருந்தால் சொகுசு. ஒரே வாசலில் இரண்டும் என்றால் மாமியார் மருமகள் கதைதான்.

முட்டை ஓட்டில்தான் எனக்குச் சண்டை. அதுவும் சுண்ணாம்புக் கல்லும் ஒரே சரக்குதான், கால்சியம் கார்பனேட். ஒரு முட்டை ஓடு 5 கிராம் இருக்கும். புளிப்பு மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 40 முட்டை. அக்காவின் பாத்தி 4 சதுர மீட்டர் என்றால் 160 முட்டை. ஓட்டை மாவாக அரைக்காமல் துண்டாகப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், பூனை வந்து கிளறும். டோலமைட் சுண்ணாம்புத் தூள் வாங்குங்கள் அக்கா, உங்கள் ஊர் தேயிலை விவசாயிகள் எல்லோரும் வாங்குவதுதான். நடுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால் மண்ணில் கலந்துவிட வேண்டும். அளவை மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இயற்கைவழி, நவம்பர் 18

160 முட்டை கணக்கு நல்ல கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் மிக்ஸியில் அரைத்துத்தான் போடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: டோலமைட் கிடைக்கவில்லை என்று வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள் யாரும். அது நீர்த்த சுண்ணாம்பு, காரம் அதிகம், வேர் வெந்துவிடும். எங்கள் சித்தப்பா ஒருவர் இப்படித்தான் ஒரு வரிசை செவ்வந்தியைக் கொன்றார்.

செல்வி ஸ்காபரோ (டொராண்டோ), நவம்பர் 19

மழை, ஈரம் என்று எல்லாரும் கதைக்கிறதைப் பார்க்க என் கதையும் ஞாபகம் வந்தது. இங்கே வெட்டுப்பூ கார்னேஷன் வெளியில் குளிர் தாங்காது. நான் வளர்ப்பது அதன் ஒன்றுவிட்ட தங்கச்சி, பிங்க் என்பார்கள். டயாந்தஸ்தான், ஆனால் முழங்கால் உயரம்கூட வராது, பாய் விரித்த மாதிரிப் படரும். என்னிடம் இருக்கிற வகை ஃபயர்விட்ச். 2006இல் அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கம் அந்த வருடத்துச் செடியாக அதைத்தான் தெரிவு செய்தது. இலை நீலச் சாம்பல் நிறம், பூ கடும் இளஞ்சிவப்பு, கிட்டப் போனால் கராம்பு வாசம்.

மைனஸ் 20க்குப் போனாலும் ஒன்றும் ஆகாது, பனிக்குக் கீழே போர்வை போர்த்தினது போல நித்திரை கொள்ளும். நான் முதலில் இழந்தது எல்லாம் ஏப்ரல் மாதத்தில். பனி உருகி, கீழே மண் இன்னும் இறுகிக்கிடக்க, தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும். அந்த இரண்டு கிழமையில்தான் நடுப்பகுதி அழுகும். குளிரில் செத்தது என்று நான் மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்! பிறகு சரிவான இடத்துக்கு மாற்றி, செடியைச் சுற்றி மரத்தூளுக்குப் பதிலாகச் சின்னச் சரளைக்கல் போட்டேன். இப்போது ஏழாவது வருடம். ஜூனில் பூத்து முடிந்ததும் கத்தரிக்கோலால் மூன்றில் ஒரு பங்கை மொட்டை அடித்துவிடுவேன், அப்படிச் செய்தால் நடுவில் வழுக்கை விழாது. ஆவணி, புரட்டாசியில் கொஞ்சம் மறுபடியும் பூக்கும்.

எட்டாவது மெயின் (பெங்களூரு), நவம்பர் 20

நடுவில் நுழைகிறேன். நர்சரியில் ‘கார்னேஷன்’ என்று 40 ரூபாய்க்குக் கொடுத்த செடி, தட்டையாக ஒற்றை அடுக்கில், ஓரம் ரம்பம் மாதிரி வெட்டி, நடுவில் வேறு நிற வளையத்தோடு பூத்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? இன்னொன்று, விதைப் பொட்டலத்தில் ஒன்றில் சாபோ, ஒன்றில் கிரெனாடின் என்று போட்டிருக்கிறது. எதை வாங்குவது?

பாலிஹவுஸ்காரன், நவம்பர் 20

பாதி ஏமாந்திருக்கிறீர்கள். அது சைனா பிங்க், டயாந்தஸ் சைனென்சிஸ். சொந்தக்காரன்தான், ஆள் வேறு. வாசனை இல்லை, பெரும்பாலும் ஒரு பருவத்தோடு சரி. சமவெளி நர்சரியில் குளிர்காலத்தில் கார்னேஷன் என்று சிறிய தொட்டியில் தருவது முக்கால்வாசி இதுதான். மோகன் அண்ணன் பொங்கல் வரை வைக்கிறதும் இதுவாகத்தான் இருக்கும்.

விதையில், பெங்களூருக்கு சாபோ எடுங்கள். விதைத்த வருடமே பூக்கும், செப்டம்பர், அக்டோபரில் விதைத்தால் கோடைக்கு முன்னால் பார்த்துவிடலாம். கிரெனாடின் உறுதியான செடி, ஆனால் அநேகமாக இரண்டாம் வருடம்தான் பூக்கும். பொறுமை இருந்தால் அது. எதுவானாலும் நாற்று ஐந்தாறு கணு வைத்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளாவிட்டால் ஒற்றைக் குச்சியாக ஏறி ஒரு பூ பூத்துவிட்டு உட்கார்ந்துவிடும். மழை படாத, காலை வெயில் விழுகிற தாழ்வாரம் இருந்தால் அங்கே வையுங்கள்.

மொட்டைமாடி மோகன், நவம்பர் 20

பிடிபட்டேன். மூன்று வருடமாக கார்னேஷன் வளர்த்தேன் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நல்லவேளை யாரும் தமிழில் படிப்பதில்லை.

தேயிலைமேட்டு வீடு, நவம்பர் 22

செல்வி சொன்ன வாசனைதான் எனக்கு உறுத்துகிறது. என்னுடையது எதற்கும் வாசமே கிடையாது. மூக்கை வைத்துப் பார்த்தாலும் பச்சிலை வாசம்தான். வகையா, வளர்ப்பா?

தேம்ஸ்கரை (ஸ்லவ், இங்கிலாந்து), நவம்பர் 23

வகைதான். கிராம்பில் இருக்கும் அதே யூஜெனால் என்ற வாசனைப் பொருள்தான் பழைய கார்னேஷனிலும் பிங்கிலும் மணக்கிறது. வெட்டுப்பூவுக்காக ஒட்டுச் சேர்த்தவர்கள் ஜாடியில் எத்தனை நாள் நிற்கும், தண்டு எவ்வளவு நீளம், லாரியில் நசுங்காதா என்றுதான் பார்த்தார்கள். மணம் வழியில் எங்கேயோ கீழே விழுந்துவிட்டது.

நான் இருக்கும் ஊருக்கும் இந்தச் செடிக்கும் ஒரு உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதி ஒன்று இருந்தது. அதன் பொறுப்பாளர் ஜான் சிங்கின்ஸ் ஒரு வெள்ளை பிங்கை உருவாக்கித் தன் மனைவி பெயரை வைத்தார். ‘மிஸஸ் சிங்கின்ஸ்’ இன்றும் நர்சரிகளில் கிடைக்கிறது. அழகுப் போட்டியில் வைத்தால் தோற்கும்: பூ கலைந்த தலை மாதிரி, பச்சைக் குவளை எப்போதும் வெடித்து ஒரு பக்கம் சரிந்து நிற்கும். ஆனால் ஜூன் மாதத்து மாலையில் நான்கு செடி போதும், தெருவே மணக்கும்.

பிங்குக்குத் தண்டு எடுக்க இங்கே கத்தி தேவையில்லை. அடித்தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நுனியை நேராக இழுத்தால் கணுவில் இருந்து உருவிக்கொண்டு வந்துவிடும், அதை அப்படியே மணலில் சொருகலாம். தண்டு அனுப்பலாமா என்று கேட்காதீர்கள், தாவரத் தடுப்புச் சட்டம் விடாது. அங்கேயே தேடுங்கள். குன்னூர், ஊட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் காலத்து பங்களாத் தோட்டங்களில் ஏதாவது மூலையில் இருக்கலாம்.

மொட்டைமாடி மோகன், டிசம்பர் 3

விற்பனையகப் பூதான் எனக்கு இனி கதி என்று ஒரு கட்டு நிஜ கார்னேஷன் வாங்கி வந்தேன். பத்து நாள் நிற்கும் என்றார் கடைக்காரர். பூஜைத்தட்டு பக்கத்தில் வைத்தேன், மூன்றாம் நாளே இதழ் எல்லாம் உள்பக்கம் சுருண்டு தூங்கி வழிகிறது.

பாலிஹவுஸ்காரன், டிசம்பர் 3

தட்டில் வாழைப்பழம் இருந்ததா? பழம் பழுக்கும்போது எத்திலீன் வாயு விடும். கார்னேஷன் அளவுக்கு அந்த வாயுவுக்குப் பயப்படுகிற பூ குறைவு. சாமியைக் கிழக்கிலும் பூவை மேற்கிலும் வையுங்கள்.

தேயிலைமேட்டு வீடு, ஜனவரி 9

கணக்கு சொல்ல வந்தேன். மண் பரிசோதனையில் பி.எச். 4.9. டோலமைட் கலந்து, வீட்டின் மறுபக்கம் ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டாயிற்று. பழைய பாத்தியில் வெங்காயம். 40 தண்டு சொருகினேன். 3 தண்டில் வெட்டுவாய் பழுப்பாக இருந்ததைக் கவனிக்காமல் என் மகள் சொருகிவிட்டாள். அவை முதலில் போயின, கூடவே இன்னும் 6. வேர்விட்டது 31. எல்லாம் இப்போது தொட்டியில். தினமும் தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கிறது, விரலை மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.

உறைபனி விழுந்தது இரண்டு நாள். மூடவா வேண்டாமா என்று இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் புல் கருகியிருந்தது, இது ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது.

பாலிஹவுஸ்காரன், ஜனவரி 9

31 நல்ல எண்ணிக்கை. பிப்ரவரிக்கு மேல் காற்று காயும்போது இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தூசி மாதிரி இருந்து நகர்ந்தால் அது செஞ்சிலந்தி. மெல்லிய வலை கட்டுவதற்குள் காலை நேரத்தில் தண்ணீரை இலையின் அடியில் வேகமாக அடித்துக் கழுவுங்கள். மாலையில் வேண்டாம், இரவு ஈரம் நிற்கும்.

தேயிலைமேட்டு வீடு, மே 18

மலர்க் கண்காட்சி பார்க்க ஊட்டிக்கு வந்தேன். ஆயிரக்கணக்கில் கார்னேஷனைக் குத்தி உருவம் செய்து வைத்திருந்தார்கள். எல்லோரும் செல்ஃபி எடுக்க, நான் மட்டும் குனிந்து குவளை வெடித்திருக்கிறதா என்று பார்த்தேன். காரணம் உண்டு. என் தொட்டிகளில் 19 பூத்துவிட்டது, அதில் ஏழெட்டில் பச்சைக் குவளை ஒரு பக்கம் கிழிந்து இதழ் வெளியே தொங்குகிறது. மறுபடி என்ன தப்பு?

பாலிஹவுஸ்காரன், மே 18

பெரிய தப்பு இல்லை. பகல் சூடு, இரவு குளிர் என்று வித்தியாசம் அதிகமானால் உள்ளே இதழ் கூடிக் குவளை தாங்காமல் வெடிக்கும். தழைச்சத்து அதிகமானாலும், போரான் குறைந்தாலும் இது வரும். தொழு உரத்தைக் குறையுங்கள், சாம்பல் சத்தைக் கூட்டுங்கள். பாலிஹவுஸில் சில இடங்களில் மொட்டு நிறம் காட்டும்போது குவளையில் சின்ன ரப்பர் பட்டை மாட்டுவார்கள். வீட்டுக்கு அது தேவையா என்பது உங்கள் இஷ்டம். தண்டுக்கு ஒரு பூ போதுமென்றால் பக்க மொட்டுகளைப் பட்டாணி அளவில் கிள்ளிவிடுங்கள். கொத்தாக வேண்டுமென்றால் நடு மொட்டைக் கிள்ளுங்கள்.

மழைக்கு என்ன ஏற்பாடு?

தேயிலைமேட்டு வீடு, மே 20

பாத்திக்கு மேலே மூங்கில் வளைத்து பாலித்தீன் தாள், பக்கங்கள் திறந்தபடி. அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று 6 தொட்டியைக் கூரைச் சரிவுக்கு அடியில் தாய்ச்செடியாக ஒதுக்கிவிட்டேன். டிசம்பர் தண்டு அதிலிருந்துதான்.

இன்னொரு செய்தியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். தேம்ஸ்கரை சொன்னதைக் கேட்டு, குன்னூரில் தெரிந்தவர் வேலை பார்க்கும் பழைய எஸ்டேட் பங்களாவுக்குப் போனேன். படிக்கட்டுக் கல்லிடுக்கில், சாம்பல் இலையோடு ஒரு வெள்ளைப் பூ. சின்னது, கலைந்த தலை. குனியவே வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே கிராம்பு. பெயர் யாருக்கும் தெரியவில்லை. தோட்டக்காரத் தாத்தா, “அது பாட்டுக்குக் கிடக்கும்மா, யாரும் தண்ணீகூட ஊத்துறதில்லை” என்றார். கிளையை வளைத்து, கணுவில் கீறி, மண்ணில் பதியம் போட்டு வைத்திருக்கிறார். ஆடியில் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தேம்ஸ்கரை, மே 20

கல்லிடுக்கு, தண்ணீர் இல்லை. அது தேடிய இடம் அதற்குக் கிடைத்திருக்கிறது. படம் போடுங்கள்.

பாலிஹவுஸ்காரன், மே 21

அக்கா, பதினான்கு வருடமாகத் தினம் ஆயிரம் கார்னேஷன் வெட்டுகிறேன், ஒன்றும் மணந்ததில்லை. அந்த வெள்ளையில் எனக்கு நான்கு தண்டு எடுத்து வையுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

தேயிலைமேட்டு வீடு, மே 21

தருகிறேன் தம்பி. வரும்போது பிளேடு கொண்டு வாருங்கள், பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போகலாம்.